பாலை மரத்துக்கு விலை பேசாதீர்கள்

சென்ற மாதம் அவுஸ்திரேலியாவிலிருந்து எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பிறிஸ்பேன் நகரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவரும் அன்பர். நான் பத்திரிகையில் எழுதிய காலத்திலிருந்தே என்னைப் படித்து வருபவர். நிலாவெளியில் கடலைப் பார்த்தபடி ஒரு விடுமுறை வீடு கட்டி வருகிறார். வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. முற்றத்தில் வைப்பதற்கு அவருக்கு ஒரு போன்சாய் மரம் வேண்டுமாம். கடைகளில் கிடைக்கும் சீனத்து ஆலோ, யப்பானிய ஜூனிப்பரோ அல்ல. நம் மண்ணின் மரம், அதுவும் நூறு வயதுக்குக் குறையாத பாலை.

"குச்சவெளிப் பக்கத்து வரம்புகளிலும் குளக்கட்டுகளிலும் ஆடு கடித்து, காற்று வளைத்த பழைய பாலைக் கட்டைகள் நிறைய இருக்கும். கிண்டித் தரக்கூடிய ஆட்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

முடியாது என்று இரண்டு வரியில் பதில் அனுப்பினேன். அவர் விடவில்லை. நிதானமாக, கோபப்படாமல், மூன்று கேள்விகளைத் தொடுத்து மீண்டும் எழுதினார். அவற்றை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. இதே கேள்விகள் இன்று பலருடைய மனத்திலும் இருக்கின்றன. ஆகவே அவருடைய சம்மதத்தோடு, பெயரைத் தவிர்த்து, பொதுவில் பதில் எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பாலை என்பதைச் சொல்லிவிட வேண்டும். தமிழில் பாலை என்ற பெயரைச் சுமக்கும் மரங்கள் பல. வெட்பாலை வேறு, ஏழிலைப்பாலை வேறு. நான் பேசுவது தமிழகத்தில் உலக்கைப்பாலை எனப்படும் மரத்தைப் பற்றி. சிங்களத்தில் இதனைப் 'பலு' என்பார்கள். தாவரவியலார் இட்ட பெயர் மனில்காரா ஹெக்ஸாண்ட்ரா. இலங்கையின் உலர்வலயக் காடுகளில் பாலையும் வீரையும்தான் குடும்பத் தலைவர்கள். முதிரையும் கருங்காலியும் அடுத்த வரிசையில் நிற்பவை. பாலையின் வைரம் தண்ணீரில் போட்டால் மூழ்கும். உலக்கைக்கும் செக்குக்கும் அதைத் தேடியவர்கள் நம் முன்னோர். புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாக அடுக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். ஆனி, ஆடி மாதங்களில் மஞ்சள் மஞ்சளாகப் பழுத்துக் கொட்டும் பாலைப்பழத்தின் இனிப்பும், அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பும் கிழக்கிலும் வன்னியிலும் பிறந்த எவருக்கும் மறக்காது. திருகோணமலையில் பாலையூற்று, மட்டக்களப்பில் பாலையடித்தோணா என்று ஊர்களுக்கே பெயர் கொடுத்த மரம் அது. ஐந்திணையில் பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. அந்தத் திணைக்குப் பெயர் தந்த மரம் இதுதானா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. எங்கள் பிரதேசத்தைப் பொறுத்தவரை அந்த விவாதத்துக்குப் பெரிய தேவையுமில்லை.

இந்த மரத்தின் முதன்மையான குணம் அதன் பொறுமை. பாலை மிக மெதுவாக வளரும். முருங்கை ஓராண்டில் கூரையைத் தொடும். பாலைக்கன்று அதே ஓராண்டில் சாண் உயரம் வந்தால் அதிசயம். குச்சவெளி போன்ற இடங்களில் அந்த மெதுவும் பாதியாகிறது. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் முப்பது கிலோமீற்றருக்கும் மேலே போனால் எங்கள் ஊர் வரும். ஒருபுறம் கடல், மறுபுறம் வயலும் குளமும் பற்றைக்காடும். வைகாசியில் தொடங்கும் கச்சான் காற்று புரட்டாதி வரை இலைகளைச் சுட்டுக்கொண்டே இருக்கும். மழை மாரியில் மட்டும்தான். போதாததற்கு ஆடுமாடுகள் துளிரைக் கடிக்கும். இவ்வளவையும் தாங்கி நிற்கும் பாலை இடுப்பளவு உயரத்திலேயே முறுக்கேறி, பட்டை வெடித்து, கிழவனைப் போல் கூனிவிடும். யப்பானியத் தோட்டக் கலைஞன் கத்தரியும் கம்பியும் கொண்டு பல தலைமுறைகளில் செய்வதை எங்கள் ஊரில் காற்றும் ஆடும் செய்து வைத்திருக்கின்றன. அன்பரின் கண் அந்த மரத்தில் விழுந்ததில் வியப்பில்லை.

மரத்தைத் தொட்டியில் வளர்ப்பதே கொடுமை என்று வாதிடும் கட்சியில் நான் இல்லை. வீட்டில் குட்டை மரம் வைத்தால் குடும்பம் குன்றும் என்று பயமுறுத்தும் வாஸ்துக்காரர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நீரும் வெயிலும் உரமும் குறையாமல் கவனிக்கப்படும் தொட்டி மரம் துன்பப்படுவதாகச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. போன்சாய் ஓர் உயர்ந்த கலை. நான் எதிர்ப்பது பிறர் நிலத்தில் நூறாண்டு நின்ற மரத்தை ஒரு காசோலையால் தமதாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை.

இனி அவருடைய மூன்று கேள்விகளுக்கு வருகிறேன்.

"எப்படியும் வெட்டி எரிக்கப்போகிற கட்டைதானே? அதைக் காப்பாற்றித் தொட்டியில் வைப்பது புண்ணியம் அல்லவா?" இது முதலாவது.

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. வீதி அகலிக்கும்போதும், உரிமையாளர் தன் சொந்தக் காணியைத் துப்புரவாக்கும்போதும் அழியவேண்டிய மரத்தை உரிய அனுமதியோடு பெயர்த்துக் காப்பாற்றினால் நான் கைதட்டுவேன். ஆனால் சந்தை அந்த எல்லையில் நின்றுவிடுமா? நின்றதாக எங்கேயும் சரித்திரம் இல்லை.

போன்சாயின் தாய்வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். யப்பானின் ஷிக்கோக்குத் தீவிலுள்ள இஷிசுச்சி மலைப் பாறைகளில் ஷிம்பாக்கு எனப்படும் ஜூனிப்பர் மரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் முறுகி நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போன்சாய் வணிகர்கள் அவற்றைக் கண்டுகொண்டார்கள். கயிற்றில் தொங்கி மரம் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஆட்கள் மலையேறினார்கள். சில பத்தாண்டுகளுக்குள் கைக்கு எட்டிய நல்ல மரங்கள் எல்லாம் துடைத்தெடுக்கப்பட்டுவிட்டன. யப்பானியர்களே செய்ததுதானே என்று எவரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். அவர்கள் செய்ததன் விளைவைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

அடுத்தது பிலிப்பைன்ஸ். கடற்கரைச் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் பெம்பிஸ் அசிடுலா என்ற சிறு மரத்தை அங்கே பந்திகி என்று அழைக்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் அது உண்டு. அவுஸ்திரேலியாவின் வட கரையிலும் உண்டு. பாலையைப் போலவே மெதுவாக வளர்வது, இரும்பைப் போன்ற வைரம் உடையது. ஆசிய போன்சாய்ச் சந்தையில் அதற்கு அடங்காத கிராக்கி. பிலிப்பைன்ஸில் 2001 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டத்தின் கீழ் அனுமதியின்றி அதனைப் பெயர்ப்பது குற்றம். ஆனாலும் வேரோடு கிண்டிய மரங்கள் படகுகளிலும் லொறிகளிலும் பிடிபடும் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அழியவிருந்த கட்டையைக் காப்பாற்றினேன் என்ற சமாதானம் அங்கும் சொல்லப்பட்டிருக்கும். கட்டைக்கு விலை பிறந்துவிட்ட பிறகு அழியவிருந்த மரம் எது, அழியாதிருந்த மரம் எது என்று கிண்டுகிறவன் கேட்பதில்லை, வாங்குகிறவனும் கேட்பதில்லை.

அன்பரின் நாட்டிலேயே நேர்மாறான ஓர் உதாரணமும் இருக்கிறது. தஸ்மேனியாத் தீவின் ஹுவோன் பைன் உலகில் மிக மெதுவாக வளரும் மரங்களுள் ஒன்று. ஆண்டுக்குச் சராசரி ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் அதன் விட்டம் பெருக்கும். இரண்டாயிரம் வயதைத் தாண்டிய மரங்கள் உண்டு. அதன் எண்ணெய் மரத்தை உளுக்க விடாது. ஆகவே கப்பல் கட்டுவோருக்கு அது பொன். 1822 இல் மக்குவாரித் துறைமுகத்தின் சாரா தீவில் கைதிகளைக் குடியேற்றி அவர்களைக் கொண்டு வெட்டத் தொடங்கியவர்கள், அடுத்த நூற்றாண்டிலும் ஆற்றோரமெங்கும் வெட்டித் தள்ளினார்கள். இந்தக் கதையைக் கேட்கும் திருகோணமலைக்காரனுக்கு நம் சாவண்டலை ஞாபகம் வரவேண்டும். சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் அந்த மரம் எங்கள் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியாகி, ஆங்கிலேயரின் வணிக ஏடுகளில் 'திருகோணமலை மரம்' என்றே பெயர் பெற்றது. சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் அது போனது. பெயர் நமக்கு மிஞ்சியது, மரம் போயிற்று.

இன்று ஹுவோன் பைன் காடுகளில் பெரும்பகுதி உலக மரபுரிமை வலயத்துக்குள் காக்கப்படுகிறது. நிற்கும் மரத்தை வெட்டுவதற்கு அனுமதியில்லை. எப்போதோ விழுந்து கிடக்கும் மரங்களையும், முன்பு வெட்டிச் சேமித்தவற்றையும் மட்டுமே உரிமம் பெற்ற ஆலைகள் அறுக்கின்றன. அப்படியானால் ஹுவோன் பைன் போன்சாய் வளர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? நாற்றுப் பண்ணையில் தண்டுத் துண்டத்திலிருந்து வேர்பிடித்த கன்றை வாங்கி, அது பென்சில் பருமனாவதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். காப்பாற்றுவது என்ற சொல்லுக்கு நான் அறிந்த பொருள் இதுதான்.

"ஊரில் வேலையில்லாத இளைஞர்கள் இருக்கிறார்கள். கட்டை கிண்டி விற்றால் அவர்களுக்கு நாலு காசு கிடைக்கும். அதைத் தடுக்க நீங்கள் யார்?" இது இரண்டாவது கேள்வி.

இந்தக் கேள்விக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊருக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் குளக்கட்டின் கீழ்ப்புறத்தில் பழைய பாலைகள் நின்ற இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன. வெட்டப்பட்ட வேர்களின் முனையில் பால் கசிந்து உறைந்திருந்தது. விசாரித்ததில் ஓர் இளைஞனைச் சந்திக்க முடிந்தது. கூலிக்குக் கிண்டியவன். ஒளிக்காமல் பேசினான்.

"ஐயா, நாங்கள் கிண்டிக் குடுக்கிறதோட சரி. லொறியில ஏத்தினாப் பிறகு அது துளிர்க்குதோ சாகுதோ எங்களுக்குத் தெரியாது."

"ஒரு கட்டைக்கு உனக்கு எவ்வளவு தம்பி தருவார்கள்?"

அவன் சொன்ன தொகை ஒரு நாட்கூலியிலும் சற்று அதிகம், அவ்வளவுதான். அன்பர் எனக்கு எழுதிய தொகையை அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. நடுவிலே எத்தனை கை மாறுகிறது என்பதை வாசகர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். அனுமதியின்றி அரச காட்டிலிருந்து ஒரு செடியைப் பெயர்ப்பதும் 1907 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள வனக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். பிடிபட்டால் மறியலில் நிற்கப்போவது அந்தத் தம்பி. முற்றத்தில் மரத்தை வைத்துப் படம் எடுப்பவர் அல்லர். விறகு பொறுக்கும் கிழவியை மடக்கத் தெரிந்த சட்டத்துக்கு, ஆடம்பர மாளிகைகளின் வரவேற்புக் கூடத்தில் நிற்கும் நூற்றாண்டுக் கட்டையைப் பார்த்து "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்கத் தெரிவதில்லை.

இளைஞர்களுக்கு வருமானம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. கிண்டி விற்பது ஒருமுறை வருமானம். கட்டை தீர்ந்தால் தொழிலும் தீர்ந்தது. நாற்று வளர்ப்பது ஆண்டுதோறும் வருமானம். தமிழகத்திலும் குஜராத்திலும் சப்போட்டாவை ஒட்டுவதற்கு அடிக்கன்றாகப் பயன்படுவது இதே பாலைதான். ஒட்டுப் பருவம் வருவதற்குக் கன்று மெதுவாக வளர்கிறதே என்று பண்ணைக்காரர்கள் அலுத்துக்கொண்டாலும் அதை விடுவதில்லை. வறட்சியைத் தாங்கும் வேர் வேறு எதற்கும் இல்லை. பாலைக்கன்றுக்கு அங்கே சந்தை இருக்கிறது என்றால் இங்கே ஏன் இருக்கக்கூடாது? ஊருக்கு உதவ விரும்பும் அன்பர்கள் கட்டைக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு நாற்றுமேடைக்குக் கொடுக்கட்டும்.

"வரம்பில் சும்மா நிற்கும் மரத்தால் யாருக்கு என்ன பயன்?" இது மூன்றாவது கேள்வி. மற்ற இரண்டையும் பொறுத்துக்கொண்ட எனக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

1990 இல் எங்கள் பிரதேசத்து மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். எங்கள் குடும்பமும் அவ்வாறே வெளியேறியது. சிலர் வன்னிக்குப் போனார்கள், சிலர் கடல் கடந்து மண்டபம் முகாமுக்குப் போனார்கள், எழுதிய அன்பரைப் போன்றோர் இன்னும் தூரம் போனார்கள். 2009 இல் போர் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வீடு இல்லை, வேலி இல்லை, வயல் பற்றைக்காடாகி இருந்தது. அப்பா பெட்டியில் வைத்திருந்த காணி உறுதியும் போய்விட்டது. வடக்கிலும் கிழக்கிலும் இப்படிக் கைவிடப்பட்ட வயல்கள் காடு என்று அடையாளமிடப்பட்டு, உரிமையாளர்கள் தங்கள் நிலத்துக்குள் கால்வைக்க அனுமதி கேட்டு அலைந்த கதையைப் பத்திரிகை படிப்போர் அறிவார்கள்.

எங்களுக்கும் அந்த அலைச்சல் நேர்ந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். மேசைக்கு அப்பால் இருந்தவர் கேட்டார்: "இது உங்கள் வயல் என்பதற்கு என்ன அத்தாட்சி?" உறுதி இல்லாதவன் எதைக் காட்டுவான்? அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. அவர் சொன்னார்: "மேற்கு வரம்பின் மூலையில் ஒரு பாலை நிற்கும். அடியில் இரண்டாகப் பிரிந்தது. என் அப்பா காலத்திலேயே அப்படித்தான் நின்றது. அதிலிருந்து கிழக்கே நடந்தால் தூர்ந்த கிணறு வரும்." அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பற்றையை வெட்டிக்கொண்டு உள்ளே போனோம். மரம் நின்றது. அடியில் இரண்டாகப் பிரிந்து, அப்பா சொன்னபடியே நின்றது. கிணற்றின் கட்டும் அகப்பட்டது. அந்த இரண்டையும் வைத்துத்தான் எங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

அன்று இன்னொன்றும் கண்டேன். பற்றைக்குள் இளம் பாலைக் கன்றுகளும் முளைத்திருந்தன. நாங்கள் போன பிறகு பறவை போட்ட விதைகளாக இருக்க வேண்டும். இருபது ஆண்டு ஆகியும் அவற்றில் ஒன்றுகூட என் மணிக்கட்டுப் பருமனைத் தாண்டவில்லை. பக்கத்தில் இரண்டாள் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமனில் எல்லைப் பாலை. நாங்கள் இல்லாத காலம் எவ்வளவு, நாங்கள் இருந்த காலம் எவ்வளவு என்று அந்த இரண்டு பருமன்களும் பக்கம் பக்கமாக நின்று காட்டின. வேகமாக வளரும் மரத்தால் அந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது. மெதுவாக வளரும் மரத்தால்தான் முடியும்.

உறுதி எரிந்துபோன, பதிவேடு தொலைந்துபோன ஒரு பிரதேசத்தில் பழைய மரமும் பழைய கிணறும் அலங்காரப் பொருள்கள் அல்ல. அவை ஆவணங்கள். எங்களுடைய பாலை உயரமானது. ஆகவே கிண்டுகிறவன் கைக்கு அது தப்பிவிட்டது. குளக்கட்டில் கூனி நின்ற பாலைகள் தப்பவில்லை. அவை யாருடைய வயலின் மூலையாக இருந்தன என்பதை இனி எவர் சொல்வார்? நாளை ஒருவர் திரும்பி வந்து, "இங்கே ஒரு பாலை நின்றது" என்று கைகாட்டும்போது அங்கே குழி இருக்கும். மரம் நிலாவெளியில் விளக்கு வெளிச்சத்தில் இருக்கும். அன்பரே, உங்களுடைய காணிக்கு எல்லை காட்ட யாருடைய மரமாவது உதவியிருக்குமா என்று உங்கள் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது முறையல்ல. போன்சாய் வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அதற்கு இரண்டு வழி சொல்கிறேன்.

முதல் வழி பிறிஸ்பேனிலேயே இருக்கிறது. எங்கள் பாலைக்கு அவுஸ்திரேலியாவில் ஓர் உடன்பிறப்பு உண்டு. மனில்காரா கௌக்கி என்பது தாவரவியற் பெயர். கேப் யோர்க் முனையிலும் டொரஸ் நீரிணைத் தீவுகளிலும் இயற்கையாக வளரும் அதனை அங்குள்ள மக்கள் வொங்காய் என்கிறார்கள். பெயரில் ஒரு 'காய்' இருப்பதைக் கண்டு நம்மவர் யாரும் குமரிக்கண்டத்துக்குப் புறப்பட்டுவிட வேண்டாம். அது வெறும் ஒலி ஒற்றுமை. உறவு பெயரில் இல்லை, மரத்தில் இருக்கிறது. அதே பால், அதே வைரம், அதே பொறுமை, உண்ணத் தகுந்த செம்பழம். வொங்காய்ப் பழத்தைத் தின்றவர் எங்கே போனாலும் அந்தத் தீவுகளுக்குத் திரும்பி வந்தே தீருவார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பாலைப்பழம் தின்று வளர்ந்து, நிலாவெளியில் வந்து வீடு கட்டும் ஒருவருக்கு அந்த நம்பிக்கையை நான் விளக்கத் தேவையில்லை. இதே மரத்தை ஜாவாத் தீவில் சாவோ கெச்சிக் என்பார்கள். யோக்யகார்த்தா அரண்மனை வளாகத்தில் அதை நட்டு வளர்க்கிறார்கள். இந்தோனேசியாவில் அதனை போன்சாயாக ஆக்குவோரும் பலர்.

அவுஸ்திரேலிய போன்சாய்க்காரர்களும் தொடக்கத்தில் யப்பானியப் பைனையும் மேப்பிளையும் பார்த்துப் பிரதி செய்தவர்கள்தாம். வெளிநாட்டுச் செடிகளை எளிதில் உள்ளே விடாத கடுமையான நோய்த்தடுப்புச் சட்டமும், தம் மண்ணின் மீது வளர்ந்த நம்பிக்கையும் சேர்ந்து அவர்களைப் போர்ட் ஜாக்சன் அத்தி, பாங்சியா, மெலலூக்கா என்று உள்ளூர் மரங்களின் பக்கம் திருப்பின. தலைநகர் கன்பராவில் 2008 இல் தொடங்கப்பட்டு, 2013 முதல் தேசிய மரச்சோலையில் இருக்கும் போன்சாய்த் தொகுப்பில் அவற்றைக் காணலாம். அந்த வரிசையில் ஒரு வொங்காயை உங்கள் கையால் சேர்க்கலாமே. தீவுகளிலிருந்து பழத்தையோ விதையையோ மடியில் கட்டிக்கொண்டு வராதீர்கள். டொரஸ் நீரிணைக்கும் பெருநிலத்துக்கும் இடையே அதற்குக் கட்டுப்பாடு உண்டு. வட குவீன்ஸ்லாந்தின் உள்ளூர்த் தாவரப் பண்ணைகளில் கன்று கேளுங்கள். அது வெப்பநாட்டு மரம். பிறிஸ்பேன் குளிரில் இளங்கன்றைச் சற்றுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி நிலாவெளி முற்றத்துக்கு. ஆனியில் வாருங்கள். வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். வயிறாரத் தின்றுவிட்டு விதைகளைத் துப்பாமல் கழுவி எடுங்கள். பளபளப்பான கபில நிற விதை. அதில் எண்ணெய் இருப்பதால் காயவைத்து நாட்படச் சேமித்தால் முளைக்கும் சக்தி குன்றிவிடும்; உடனே விதைக்க வேண்டும். ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்து, விதையின் பருமனளவு ஆழத்தில் இட்டு, ஈரம் காயாமல் நிழலில் வையுங்கள். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பொறுங்கள். கன்று நன்றாக நிலைத்த பின் மாரி தொடங்கும் சமயத்தில் எடுத்து ஆணிவேரின் நுனியைக் கத்தரித்து, அகன்ற ஆழமற்ற தொட்டிக்கு மாற்றுங்கள். இனி நிழல் கூடாது; முழு வெயில் வேண்டும். கிளை முற்றினால் வளையாது, முறியும். ஆகவே வடிவத்தை இளமையிலேயே தீர்மானியுங்கள். துளிரைக் கிள்ளும் வேலையை ஆட்டுக்குப் பதிலாக நீங்கள் செய்யுங்கள். காற்றின் வேலையை நிலாவெளிக் காற்றே செய்யும்.

பத்தாண்டில் உங்கள் பெருவிரல் பருமன் வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். அதைப் பார்த்து விருந்தினர் எவரும் வியக்க மாட்டார்கள். "எனக்கு இப்போது அறுபத்தொரு வயது. அது மரமாவதை நான் எப்போது பார்ப்பது?" என்று நீங்கள் கேட்பீர்கள். பார்க்க மாட்டீர்கள். நானும் பார்க்க மாட்டேன். எங்கள் எல்லைப் பாலை முளைத்த நாளில் இருந்தவர் யார் என்பதும் எனக்குத் தெரியாது. அதை வெட்டாமலும் கிண்டாமலும் விட்டுப் போனவர்கள் பலர் என்பது மட்டும் தெரியும். உங்கள் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று ஒருமுறை வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். விடுமுறைக்கு வரும்போது அவளிடம் நீர்க்குவளையைக் கொடுங்கள். அதற்கு எழுத்து தேவையில்லை.

வீடு குடிபூரலுக்கு அழைப்பு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கட்டுரையைப் படித்த பிறகும் அனுப்பினால் கட்டாயம் வருவேன். எங்கள் வயலில் முளைத்த பாலைக் கன்று ஒன்று, சாண் உயரம், இப்போது என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அதை எடுத்து வருவேன். அதற்கு விலை கிடையாது.